‘பார்த்ததுமே தெரிஞ்சிடும்’ என்று நம்புகிறவர்களுக்கு ஒரு 6 வாரக் கோர்ஸ்

மனிதர்கள் ஒருவரையொருவர் எப்படி எடைபோடுகிறார்கள் என்பது பற்றிய 6 வார ஆன்லைன் கோர்ஸ் ஒன்றைப் போன மாதம் முடித்தேன். சமூக உளவியல்தான் பாடம். அதிலும் ஒருவரைப் பார்த்ததும் நமக்குள் என்ன அபிப்பிராயம் உண்டாகிறது, அது எவ்வளவு தூரம் சரி, அதை மனதில் வைத்துக்கொண்டு அவரிடம் எப்படி நடந்துகொள்கிறோம் என்கிற பகுதி. நடத்துகிறவர்களின் பெயரை நான் இங்கே போடவில்லை. இதே ஆய்வுகளை வைத்துப் பலரும் கோர்ஸ் நடத்துகிறார்கள், எதில் சேர்ந்தாலும் எதைப் பார்த்துச் சேர வேண்டும் என்று தெரிந்தால் போதும் என்றுதான் எழுதுகிறேன்.

சேர்ந்த காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். 8 பேர் கொண்ட ஒரு டீமை நான் கவனித்துக்கொள்கிறேன், வேலைக்கு ஆள் எடுக்கும் இன்டர்வியூக்களிலும் உட்காருகிறேன். என் டீமிலிருந்து விலகிப் போன ஒருவர் கடைசி நாளில், கோபமே இல்லாமல், “நீங்க என்னை முதல் வாரத்துலயே முடிவு பண்ணிட்டீங்க” என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவர் சொன்னது உண்மை. வந்த புதிதில் இரண்டு மீட்டிங்கில் அவர் வாயே திறக்கவில்லை, ‘ஆர்வம் இல்லாத ஆள்’ என்று நான் எழுதி வைத்துவிட்டேன், அதற்குப் பிறகு அவர் செய்த எல்லாமே அந்த எழுத்துக்குக் கீழேயே போய்ச் சேர்ந்தது.

கோர்ஸில் எனக்கு முதலில் பிடித்தது ஒரு சின்ன ஏற்பாடு. எந்தப் பயிற்சியானாலும் உங்கள் பதிலை எழுதிவிட்டு, பக்கத்தில் ‘இது எவ்வளவு நிச்சயம்’ என்று 0 முதல் 100 வரை ஒரு எண்ணும் போட வேண்டும். வாரக் கடைசியில் இரண்டு கோடுகளாக ஒரு படம் வரும், ஒன்று நீங்கள் எவ்வளவு நிச்சயமாக இருந்தீர்கள், இன்னொன்று எத்தனை தடவை சரியாகச் சொன்னீர்கள். என் படத்தில் முதல் வாரத்திலிருந்தே மேல்கோடு 75-க்குக் கீழே இறங்கவில்லை, கீழ்க்கோடு 45-ஐத் தாண்டவில்லை. பாடம் முழுக்க மறந்துபோனாலும் இந்தப் படம் மறக்காது என்று நினைக்கிறேன்.

முதல் வாரம் முதல் அபிப்பிராயம். சேர்ந்த அன்றே, முன்னுரை எதுவும் சொல்லாமல், முகம் தெரியாத ஒருவரைப் பற்றி ஏழு சொற்கள் கொடுத்தார்கள்: புத்திசாலி, திறமைசாலி, உழைப்பாளி, ஒட்டாதவர், உறுதியானவர், காரியத்தில் கண்ணாக இருப்பவர், எச்சரிக்கையானவர். இவர் எப்படிப்பட்டவர் என்று ஒரு பத்தி எழுதச் சொன்னார்கள். பிறருக்காக ஒரு விரலைக்கூட அசைக்காத ஆள், கணக்குப் பார்த்தே பழகுவார் என்று எழுதி 80 போட்டேன். மறுநாள்தான் தெரிந்தது, வகுப்பில் பாதிப் பேருக்கு ‘ஒட்டாதவர்’ என்ற இடத்தில் ‘பாசமானவர்’ என்று போயிருக்கிறது, மற்ற ஆறு சொல்லும் அப்படியே. அவர்கள் எழுதிய பத்திகளைப் படித்தால் வேறொரு மனிதர் வந்து நிற்கிறார். இது சாலமன் ஆஷ் 1946-இல் வெளியிட்ட ஆய்வு. ‘பாசமானவர்’ பட்டியல் கிடைத்தவர்களில் 91 சதவீதம் பேர் அந்த மனிதர் தாராள மனசுக்காரர் என்றார்கள், மற்றவர்களில் வெறும் 8 சதவீதம். ஆனால் நேர்மையானவரா என்று கேட்டபோது இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே பதில்தான். ஒரு சொல் ஒருவரை முழுக்க மாற்றிவிடுவதில்லை, சில பக்கங்களை மட்டும் அடியோடு மாற்றிவிடுகிறது, அது எந்தப் பக்கங்கள் என்பதுதான் அங்கே விஷயம்.

இங்கேயே ஒரு குறையும் சொல்ல வேண்டும். பாடம் ஆங்கிலத்தில், தமிழ் சப்டைட்டில் உண்டு என்றுதான் சேர்ந்தேன். ஆங்கிலத்தில் ‘warm’ என்று சொல்கிறார்கள், அந்த சப்டைட்டிலில் ‘பாசமானவர்’ என்று வர வேண்டிய இடத்தில் ‘வெப்பமான நபர்’ என்று வருகிறது. ஒரே ஒரு சொல்லால் எல்லாம் மாறுகிறது என்று காட்டுகிற பாடத்தில் அந்த ஒரு சொல்லையே இப்படி விட்டிருப்பது வருத்தமாக இருந்தது. மனிதர் யாரும் உட்கார்ந்து பார்க்கவில்லை என்பது தெரிகிறது. மேலே நான் கொடுத்த தமிழ்ச் சொற்கள் நானே போட்டுக்கொண்டவை. இதமானவர், கலகலப்பானவர், மனசுக்கு நெருக்கமானவர் என்று வேறு எதைப் போட்டாலும் கொஞ்சம் கூடவோ குறையவோதான் இருக்கிறது.

ஆஷுக்கு அடுத்து ஹாரல்ட் கெல்லி 1950-இல் இதையே நிஜ வகுப்பறையில் செய்து பார்த்ததைக் காட்டினார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. மாணவர்களிடம் இன்று புதிதாக ஒருவர் பாடம் எடுக்க வருகிறார் என்று ஒரு குறிப்பைக் கொடுத்தார்கள், பாதிக் குறிப்பில் அவர் பாசமானவர், பாதியில் ஒட்டாதவர். அவர் வந்து நடத்தியது ஒரே வகுப்புதான், எல்லோரும் பார்த்தது ஒரே ஆளைத்தான். பாசமானவர் என்று படித்தவர்களில் 56 சதவீதம் பேர் கலந்துரையாடலில் வாய் திறந்தார்கள், ஒட்டாதவர் என்று படித்தவர்களில் 32 சதவீதம். இதைப் பார்த்த இடத்தில் வீடியோவை நிறுத்திவிட்டேன். என் டீமை விட்டுப் போனவரிடம் நான் எத்தனை கேள்வி கேட்டிருப்பேன் என்று யோசித்தேன். அவர் பேசவில்லை என்று எழுதி வைத்தது நான், அதற்குப் பிறகு அவரிடம் பேச்சுக் கொடுக்காமல் இருந்ததும் நான்தான்.

முகத்தைப் பார்த்து எடைபோடுவது பற்றி வில்லிஸும் டோடரோவும் 2006-இல் செய்த ஆய்வும் அதே வாரத்தில் வருகிறது. ஒரு முகத்தை நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் காட்டினாலே நம்பத் தகுந்தவரா இல்லையா என்று மனம் முடிவு செய்துவிடுகிறது. நேரத்தை அரை நொடி, ஒரு நொடி என்று கூட்டினால் முடிவு பெரிதாக மாறுவதில்லை, அந்த முடிவின் மேல் நமக்கு இருக்கும் நம்பிக்கை மட்டும் ஏறுகிறது. என்னுடைய இரண்டு கோடுகளுக்கும் இதுதான் விளக்கம்.

இரண்டாம் வாரம் ‘ஏன் அப்படிச் செய்தார்’ என்று காரணம் தேடுவது பற்றியது. 1944-இல் ஹைடரும் சிம்மலும் எடுத்த சின்னப் படத்தோடு ஆரம்பிக்கிறார்கள், இரண்டு முக்கோணம், ஒரு வட்டம், நகர்கின்றன, அவ்வளவுதான். பெரிய முக்கோணத்தின் மேல் எனக்குக் கோபமே வந்துவிட்டது. அன்று என்ன பார்த்தீர்கள் என்று கேட்கப்பட்ட 34 பேரில் ஒரே ஒருவர்தான் அதை வெறும் வடிவங்களின் அசைவாக விவரித்தாராம். முக்கோணத்துக்கே நாம் மனசு வைத்துவிடுகிறோம் என்றால் மனிதர்களை விடுவோமா.

இந்த வாரத்தில் என்னை அதிகம் உலுக்கியது 1977-இல் லீ ராஸும் அவரோடு இரண்டு பேரும் செய்த வினாடி வினா சோதனை. இரண்டு பேரில் ஒருவர் கேள்வி கேட்பவர், ஒருவர் பதில் சொல்பவர், யார் எது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்கிறார்கள். கேட்பவர் தனக்குத் தெரிந்ததிலிருந்தே கஷ்டமான கேள்விகளைத் தயார் செய்யலாம். பதில் சொல்பவர் திணறத்தான் செய்வார், வேறு வழியில்லை. இதெல்லாம் கண்ணெதிரே நடந்தும் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கேட்டவருக்கே பொது அறிவு அதிகம் என்றார்கள், பதில் சொல்லித் திணறியவரும் அப்படியே நினைத்தார். இன்டர்வியூ அறையில் வருடக்கணக்காகக் கேள்வி கேட்கும் நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கும் எனக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

ஆனால் இதே வாரத்தில் ஒரு பழைய சரக்கும் இருக்கிறது. நாம் செய்வதற்குச் சூழ்நிலையைக் காரணம் சொல்வோம், அடுத்தவர் செய்வதற்கு அவர் குணத்தைக் காரணம் சொல்வோம் என்ற கருத்து. கேட்கும்போது ‘அட, ஆமாம்’ என்றுதான் தோன்றும், கோர்ஸும் அதை முடிந்த முடிவாகச் சொல்கிறது. 2006-இல் பெர்ட்ரம் மாலே 173 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது ஒட்டுமொத்தமாக இந்த வித்தியாசம் இருக்கிறதா என்பதே சந்தேகம் என்று ஆனது, நடந்தது நல்லதா கெட்டதா என்பதைப் பொறுத்துத்தான் அது மாறுகிறது. நான் தேர்வில் அப்படி எழுதினேன், தவறு என்று மார்க் போட்டார்கள். மார்க் போனது பெரிதில்லை, இத்தனை வருடம் கழித்தும் பாடத்தில் அதைச் சேர்க்காதது பெரிய குறை.

இத்தனைக்கும் பெரும்பாலான பாடங்களின் கடைசியில் ‘மறுபடி செய்து பார்த்தபோது நின்றதா?’ என்று ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள், நல்ல பழக்கம். 2015-இல் 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்ததில் 36 சதவீதத்தில்தான் பழையபடி தெளிவான முடிவு வந்தது என்பதை முதல் வாரமே மறைக்காமல் சொல்லிவிடுகிறார்கள். உளவியல் கோர்ஸ் எதில் சேருவதானாலும் இப்படி ஒரு பெட்டி இருக்கிறதா என்று பாருங்கள்.

அந்தப் பெட்டி இல்லாத ஒரே பாடம் மூன்றாம் வாரத்தில் ‘உடல்மொழி’ என்று வரும் கூடுதல் பாடம், சொல்லி வைத்தாற்போல மோசமான பாடமும் அதுதான். பேச்சில் வார்த்தைக்கு 7 சதவீதம், குரலுக்கு 38, முகத்துக்கு 55 என்று அந்தப் பழைய கணக்கை இங்கேயும் போட்டிருக்கிறார்கள். ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967-இல் செய்த சோதனைகள் ஒற்றைச் சொற்களை வைத்து, ஒருவருக்கு நம்மைப் பிடித்திருக்கிறதா இல்லையா என்பதை எதிலிருந்து எடுத்துக்கொள்கிறோம் என்று பார்த்தவை. எல்லாப் பேச்சுக்கும் அது பொருந்தும் என்று அவரே சொன்னதில்லை. நடத்துகிறவர்களுக்கு எழுதினேன், ‘கவனத்தில் கொள்கிறோம்’ என்று பதில் வந்தது, வீடியோ அப்படியே இருக்கிறது.

மூன்றாம் வாரத்தில் உருப்படியாக இருந்தது பொய்யைக் கண்டுபிடிக்கும் பயிற்சி மட்டும். 20 வீடியோ, யார் பொய் சொல்கிறார் என்று சொல்ல வேண்டும். 9 சரி எனக்கு. 2006-இல் பாண்டும் டிபாலோவும் 24,000 பேருக்கு மேல் கலந்துகொண்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் சராசரி 54 சதவீதம் என்று வந்தது. நாணயத்தைச் சுண்டிப் போட்டாலே 50 வரும். அவ்வளவுதான், அந்த வாரத்தை இதோடு விட்டுவிடலாம்.

நான்காம் வாரத்துக்காகவே சேரலாம். முதல் பயிற்சி மேஜையில் தாளம் தட்டுவது. ஒரு பாட்டை மனதுக்குள் பாடியபடியே விரலால் தட்ட வேண்டும், எதிரே இருப்பவர் எந்தப் பாட்டு என்று சொல்ல வேண்டும். 1990-இல் ஸ்டான்ஃபோர்டில் எலிசபெத் நியூட்டன் தன் முனைவர் பட்டத்துக்காகச் செய்தது. கேட்பவர்கள் பாதிப் பாட்டையாவது கண்டுபிடிப்பார்கள் என்று தட்டியவர்கள் நினைத்தார்கள், உண்மையில் 120 பாட்டில் 3. இது தெரிந்த பிறகுதான் நான் அக்காவை உட்கார வைத்தேன், தெரிந்தும் 90 போட்டேன், ஏனென்றால் நான் எடுத்துக்கொண்டது சின்ன வயதில் அவளே எனக்குப் பாடிய தாலாட்டு. என் காதில் அவள் குரலே கேட்கிறது, ஒவ்வொரு இழுப்பும் கேட்கிறது. தட்டி முடித்து நிமிர்ந்து பார்த்தால், “கதவைத் தட்டுற மாதிரிதான் இருக்கு, இன்னொரு தடவை தட்டு” என்றாள். மூன்று தடவை தட்டினேன். இது கூடத் தெரியவில்லையா என்று எனக்கு எரிச்சல் வந்தது. அந்த எரிச்சல் வந்ததைத்தான் பயிற்சிக் குறிப்பில் எழுதச் சொல்கிறார்கள்.

அடுத்தது வில்லியம் இக்ஸ் 1990-இல் வெளியிட்ட முறை. முன்பின் தெரியாத இன்னொரு மாணவரோடு 6 நிமிடம் பேச வேண்டும், அது பதிவாகும். அப்புறம் இருவரும் தனித்தனியாக அந்த வீடியோவைப் போட்டுப் பார்த்து, ‘இந்த இடத்தில் எனக்கு இப்படித் தோன்றியது’ என்று நினைவு வரும் இடத்திலெல்லாம் நிறுத்தி எழுத வேண்டும். கடைசியில் ஒருவர் நிறுத்திய இடங்களை மற்றவருக்குக் காட்டி, அங்கே அவர் என்ன நினைத்திருப்பார் என்று கேட்பார்கள். மதிப்பெண் போடுவது வேறு இரண்டு மாணவர்கள்.

எனக்கு இணையாக வந்தவர் என்னைவிடப் பத்து வயதாவது மூத்த ஒரு அம்மா. நான் என் வேலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். இரண்டாவது நிமிடத்தில் அவர் பார்வை ஸ்கிரீனை விட்டு விலகியது, முகம் இறுகியது. வீடியோவில் பார்த்தால் அந்த இடத்தில் நான் சொல்ல வந்ததைப் பாதியில் விட்டுவிட்டு, “சரி, அது கிடக்கட்டும், நீங்க சொல்லுங்க” என்கிறேன். அங்கே அவர் நிறுத்தியிருந்தார். ‘போரடிக்கிறது, எப்போது முடிப்பான் என்று நினைத்தார்’ என்று நான் எழுதினேன், நிச்சயம் 75. அவர் எழுதியிருந்தது: ‘என் மகனும் இப்படித்தான் வேலையைப் பற்றி ஆசையாகப் பேசுவான், அவன் பேசிக் கேட்டு நாளாச்சு.’ அதற்கு நாலு நொடி தள்ளி அவர் இன்னொரு இடத்திலும் நிறுத்தியிருந்தார். அங்கே ‘நான் ஏதாவது தப்பாகக் காட்டிவிட்டேனா, பேச்சை நிறுத்திவிட்டாரே’ என்று எழுதியிருந்தார்.

அந்த நாலு நொடியை எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தேன் என்று தெரியாது. அவர் கேட்க ஆசைப்பட்ட நேரத்தில் நான் நிறுத்தியிருக்கிறேன், நான் நிறுத்தியதற்கு அவர் தன்னையே நொந்துகொண்டிருக்கிறார். இரண்டு பேருமே அடுத்தவரின் முகத்தைக் கவனமாகப் பார்த்துத்தான் தப்பாகப் போயிருக்கிறோம். எனக்குக் கிடைத்தது 28-க்கு 7, அதாவது 25 சதவீதம். இக்ஸின் கணக்கில் முன்பின் தெரியாதவர்கள் 20 சதவீதம் அளவில்தான் சரியாகச் சொல்கிறார்கள், நெருங்கிய நண்பர்கள், கணவன் மனைவி என்று போனாலும் 30-35-ஐத் தாண்டுவது அபூர்வம்.

2018-இல் எரிகா பூத்பியும் மற்றவர்களும் செய்த ஆய்வும் இதோடு சேர்ந்தே வருகிறது. புதிதாக ஒருவரோடு பேசி முடித்ததும், அவருக்கு நம்மை எவ்வளவு பிடித்தது என்று நாம் நினைக்கிறோமோ அதைவிட நிஜத்தில் அதிகமாகவே பிடித்திருக்கிறது. ஒரே இடத்தில் தங்கியிருந்த மாணவர்களிடம் இந்த இடைவெளி மாதக்கணக்கில் நீடித்தது. எங்கள் இருவர் விஷயத்திலும் அதேதான்: அவர் எனக்குப் போட்டது 10-க்கு 9, எனக்கு 5 போட்டிருப்பார் என்று நான் நினைத்தேன்.

ஐந்தாம் வாரம் ‘அவர் இடத்தில் உன்னை வைத்துப் பார்’ என்பதைப் பற்றியது. நாம் எல்லோரும் நல்ல மனதோடு சொல்லும் அறிவுரை. 2018-இல் தால் எயால், மேரி ஸ்டெஃபல், நிக்கோலஸ் எப்லி மூவரும் 25 சோதனைகளில் இதைப் பார்த்திருக்கிறார்கள். அவர் இடத்தில் நம்மை வைத்துப் பார்ப்பதால் நம் பார்வையை அவர்மேல் ஏற்றிச் சொல்வது குறையலாம், ஆனால் அவர் மனதில் இருப்பதைச் சரியாகச் சொல்வது கூடுவதில்லை, சில சமயம் சரியாகச் சொல்கிறோம் என்ற நம்பிக்கை மட்டும் கூடுகிறது. சரியாகச் சொல்ல உதவியது ஒன்றுதான், அவரிடமே கேட்பது.

பயிற்சியும் அதுவே. நன்றாகத் தெரிந்த ஒருவரைப் பற்றி 10 கேள்விக்கு நீங்களே பதில் எழுத வேண்டும், பிறகு அவரிடம் கேட்க வேண்டும். நாலு வருடமாக என்னோடு வேலை செய்பவரை எடுத்துக்கொண்டேன். 4 சரி, 6 தவறு. ‘தனியாக வேலை செய்யவே விரும்புவார்’ என்பதற்கு நான் 95 போட்டிருந்தேன், அதை நம்பித்தான் இத்தனை நாளும் அவருக்குத் தனி வேலையாகவே ஒதுக்கி வந்தேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “நீங்க யாரையும் கூட போடலையே, அதான் நானே பாத்துக்கிட்டேன்” என்றார்.

ஆறாம் வாரத்தை அவசரமாக முடித்துவிட்டார்கள். இதுவரை பார்த்த ஆய்வுகளில் பெரும்பாலானவை அமெரிக்கக் கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்தவை, உலகத்துக்கே அது பொருந்துமா என்ற கேள்விக்கு ஒரே ஒரு 12 நிமிட வீடியோ. 1984-இல் ஜோன் மில்லர் சிகாகோவிலும் மைசூரிலும் செய்த ஆய்வை அதில் ஒரு வரியில் கடந்து போகிறார்கள். ஒருவர் தவறு செய்தால் அமெரிக்கர்கள் வயது ஏற ஏற அவர் குணத்தைக் காரணமாகச் சொல்வது கூடியது, மைசூரில் வயது ஏற ஏறச் சூழ்நிலையைச் சொல்வது கூடியது. சின்னக் குழந்தைகளிடம் அந்த அளவு வித்தியாசம் இல்லை. அப்படியென்றால் குணத்தைக் குறை சொல்வது பிறவியிலேயே வருவது இல்லை, வளர வளரக் கற்றுக்கொள்வது. இது இரண்டாம் வாரப் பாடத்தையே வேறு கோணத்தில் பார்க்க வைக்கும், அதை அங்கேயே வைத்திருக்க வேண்டும்.

என் மதிப்பெண் 5-க்கு 4. உடல்மொழிப் பாடத்துக்கும் சப்டைட்டிலுக்கும் சேர்த்து ஒன்றைக் குறைத்திருக்கிறேன். ஆள் எடுப்பவர்கள், பாடம் நடத்துபவர்கள், ஒரு குழுவைக் கவனித்துக்கொள்பவர்கள் தாராளமாகச் சேரலாம். பிறர் மனதைப் படிக்கும் வித்தை கிடைக்கும் என்று நினைத்துச் சேர்ந்தால் ஏமாற்றம்தான்.

சேருகிறவர்களுக்கு இரண்டு விஷயம். நான்காம் வாரத்துக்குத் தெரிந்த நண்பரையே இணையாகப் போட்டுக்கொள்ளவும் வசதி இருக்கிறது, அதை எடுக்காதீர்கள், தெரியாதவரோடு பேசுங்கள், வீடியோவை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், 30 நாளில் அழித்துவிடுகிறார்கள். ஐந்தாம் வாரத்துக்கு யாரிடம் கேட்கப் போகிறீர்கள் என்பதை முன்கூட்டியே அவரிடம் சொல்லி நேரம் வாங்கிவிடுங்கள். அரை மணி நேரம் போதும் என்று பாடத்தில் போட்டிருக்கிறது, போதாது. எங்களுக்கு மூன்றாவது கேள்விக்கே ஒரு மணி நேரம் ஆனது.